பிளக்குக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

தீபாவளிக்கு இன்னும் நான்கே நாள். முறுக்குக்கு மாவு பிசைந்தாகிவிட்டது, எண்ணெயும் வாங்கியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் பெரியம்மா வீட்டு காஸ் சிலிண்டர் கண்ணை மூடிவிட்டது. அடுத்த சிலிண்டர் நாளைக்குத்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

பெரியம்மா இதற்கெல்லாம் அசருகிறவள் அல்ல. பரணிலிருந்த இன்டக்ஷன் அடுப்பை இறக்கச் சொன்னாள். கூடத்துச் சாப்பாட்டு மேஜைதான் முறுக்குப் பிழியச் சௌகரியமான இடம். ஆனால் சுவரிலிருந்த சாக்கெட்டுக்கும் மேஜைக்கும் நடுவே எட்டடி தூரம். அதனால் என்ன? டெலிவிஷனுக்குப் பின்னால் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது. அதை உருவிக்கொண்டு வந்தார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. அடுப்பின் பிளக் தடித் தடியான மூன்று பின்களுடன் பீமசேனனைப் போல் இருந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் துளைகளோ சின்னஞ் சிறியவை. அமுக்கினார்கள், திருப்பிப் பார்த்தார்கள், நுழையவில்லை.

"அம்மா, அஞ்சு நிமிஷம் பொறு" என்று சொல்லிவிட்டு, பெரியம்மாவின் கடைக்குட்டி மகன் தெருமுனைக் கடைக்கு ஓடினான். ஒரு கன்வர்ஷன் பிளக்குடன் திரும்பினான். முன்புறம் பெரிய பிளக்கை வாங்கிக்கொள்ளும் துளைகள். பின்புறம் சின்னத் துளையில் நுழையும் பின்கள். கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது! அடுப்பு விசில் அடித்துக்கொண்டு எரியத் தொடங்கியது. வந்தவன் சும்மா இருந்தானா? அதே பாக்ஸில் மீதி இருந்த துளையில் இஸ்திரிப் பெட்டியையும் செருகி, சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தான். ஒயர் காலில் தட்டுகிறது என்று அதை ஜமக்காளத்துக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

முக்கால் மணி ஆகியிருக்கும். பெரியம்மா மூக்கைச் சுளித்தாள். "ஏண்டா, முறுக்கா தீயறது?"

முறுக்கு தீயவில்லை. சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஜமக்காளத்தைத் தூக்கினால், வெள்ளை ஒயர் பழுப்பேறி ஜவ்வு மிட்டாய் மாதிரி இளகிக் கிடந்தது. ஜமக்காளத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கருகல் கோடு. அந்தக் கோட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி, அதே ஜமக்காளத்தின் மீது பெரியம்மாவின் ஒன்றரை வயதுப் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு பெரியம்மா சாப்பிடவில்லை. திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "மெயினில் அத்தனை ஸ்விட்ச் வரிசையாக நிற்கிறதே! ஆபத்து என்றால் தானாக விழும் என்றார்களே! ஒன்றுகூட ஏன் விழவில்லை?"

நல்ல கேள்வி. மறுநாள் காலை வந்த எலெக்ட்ரீஷியன் பெரியவரிடம் அதையே கேட்டோம்.

தரகர் செய்த கல்யாணம்

பெரியவர் முதலில் கையில் எடுத்தது அந்தக் கன்வர்ஷன் பிளக்கைத்தான். அதன் முகம் லேசாக உருகியிருந்தது.

"இது தரகர் மாதிரி அம்மா. பொருந்தாத இடத்தைப் பொருந்தினாப்பல காட்டிவிடும். கல்யாணமும் நடந்துவிடும். அப்புறம் குடும்பம் நடத்தறது யாரு?" என்றார்.

பெண்ணுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம் பிளக்குக்கு ஒரு பொருத்தமும் பார்ப்பதில்லை. "நுழைகிறதா?" என்று மட்டுமே பார்க்கிறோம். நுழையாவிட்டால் நுழையச் செய்ய வழி தேடுகிறோம். பெரிய பிளக் சின்னத் துளையில் நுழையாமல் முரண்டு பிடிப்பது, செய்தவர்களின் கஞ்சத்தனத்தால் அல்ல. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். "நான் வாங்கும் மின்சாரத்தைத் தாங்க உன்னால் முடியாது" என்று பெரிய பிளக் சொல்லும் பாஷை அது.

நம் நாட்டு வீடுகளில் பிளக்குகள் முக்கியமாக இரண்டு அளவு. சின்னது 6 ஆம்பியர். பெரியது 16 ஆம்பியர். பழைய வீடுகளில் 5 என்றும் 15 என்றும் சொல்வார்கள். பிரிட்டனில் 1934-ல் வகுத்த உருண்டைப் பின் பிளக்குகளின் வம்சத்தைச் சேர்ந்தவை இவை. பிரிட்டிஷ் வீடுகளில் அந்த வம்சம் அநேகமாக மறைந்துவிட்டது. நம்மிடம் இன்னும் செழிப்பாக இருக்கிறது.

முதல் பொருத்தம்: ஆம்பியர்

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பால் கணக்கை விடச் சுலபமான கணக்கு இது.

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது அல்லவா? தொட்டியின் உயரம் தண்ணீரைத் தள்ளுகிறது. அந்த மாதிரித் தள்ளும் வேகம்தான் வோல்ட். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போன்றது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாட். ஆக, 6 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து எடுக்கக் கூடியது 6 பெருக்கல் 230, அதாவது 1,380 வாட். 16 ஆம்பியர் சாக்கெட்டில் 3,680 வாட்.

இப்போது உங்கள் வீட்டுச் சாமான்களைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னச் சீட்டில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். 750 வாட் மிக்ஸிக்கு 3 ஆம்பியருக்குக் கொஞ்சம் அதிகம். சின்னப் பிளக் போதும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 4 ஆம்பியருக்குச் சற்று மேல். அதற்கும் சின்னப் பிளக் போதும், தனியாக இருந்தால். 2,000 வாட் இன்டக்ஷன் அடுப்புக்கோ 8.7 ஆம்பியர் வேண்டும். ஆகவேதான் அதற்குப் பீமசேனப் பிளக்.

பெரியம்மா வீட்டில் நடந்தது என்ன? அடுப்பு 2,000 வாட். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். மொத்தம் 3,000 வாட், 13 ஆம்பியர். ஆறு ஆம்பியர் ஒயரில் பதின்மூன்று ஆம்பியர்!

"இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம்தானே?" என்று நினைக்கலாம். மின்சாரத்தின் குணம் அப்படி அல்ல. ஓட்டம் இரண்டு மடங்கானால் ஒயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. பதின்மூன்று ஆம்பியருக்கு, தாங்க வேண்டியதைப் போல் நாலரை மடங்குக்கும் அதிகமான சூடு. அந்தச் சூடு வெளியேறக் காற்றாவது வேண்டுமே? அதையும் ஜமக்காளம் போட்டு மூடிவிட்டார்கள்.

மெயின் ஏன் விழவில்லை?

பெரியம்மாவின் கேள்விக்கு இப்போது வருவோம்.

மெயின் பலகையில் வரிசையாக நிற்கும் எம்.ஸி.பி. ஸ்விட்சுகள் நம்மைக் காக்க வந்தவை என்று நாம் நினைக்கிறோம். அவை காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. பெரியம்மா வீட்டுக் கூடத்துச் சாக்கெட், பெரிய பிளக்கும் சின்னப் பிளக்கும் இரண்டுமே போகும்படி செய்தது. அதற்கு மெயினில் இருந்தது 16 ஆம்பியர் எம்.ஸி.பி. சுவரொயரில் ஓடியது 13 ஆம்பியர். பதினாறுக்குக் கீழேதானே இருக்கிறது? எம்.ஸி.பி. நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. வெளியே தொங்கும் ஒல்லி ஒயரின் கஷ்டம் அதற்குத் தெரிய வழியே இல்லை.

பிரிட்டனில் இப்போது வழங்கும் பிளக்கில் இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. ஒவ்வொரு பிளக்கின் வயிற்றுக்குள்ளும் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும். ஒயர் தாங்காத அளவு மின்சாரம் ஓடினால், அந்த ஃபியூஸ் எரிந்து ஒயரைக் காப்பாற்றும். நம் பிளக்குகளில் ஃபியூஸ் கிடையாது. ஆகவே பொருத்தம் பார்ப்பது நம் பொறுப்பு.

அந்தப் பிரிட்டிஷ் பிளக்கின் கதையில் ஒரு பெண்மணி வருகிறார். அவர் பெயர் கரோலின் ஹாஸ்லெட். 1895-ல் பிறந்தவர். பெண் எஞ்சினீயர்கள் 1919-ல் ஒரு சங்கம் தொடங்கியபோது அதன் முதல் காரியதரிசி. மின்சாரத்தைப் பற்றி இல்லத்தரசிகளுக்குக் கற்றுத் தருவதற்காக 1924-ல் ஏற்பட்ட பெண்கள் சங்கத்தை நடத்தியவரும் அவரே. இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின் கட்டும் வீடுகளுக்கு எந்த மாதிரி மின்சார அமைப்பு வேண்டும் என்று ஆராய 1942-ல் ஒரு குழு அமைத்தார்கள். அதில் இருந்த ஒரே பெண் அவர்தான். சிறு குழந்தைகளின் பாதுகாப்பு முக்கியம், சாக்கெட்டின் துளைகளுக்குள்ளே மூடி வேண்டும் என்பது அந்தக் குழுவின் சிபாரிசுகளில் ஒன்று. அதன் பயனாக 1947-ல் வந்த பிளக்கில், நீளமான எர்த் பின் முதலில் நுழைந்து உள்மூடியைத் திறக்கும். அப்புறம்தான் மற்ற இரண்டு பின்களும் உள்ளே போகும். குழந்தை ஓர் ஊசியையோ ஹேர்பின்னையோ நீட்டினால் மூடி வழி விடாது.

அத்தகைய மூடி நம் ஊர்ச் சாக்கெட்டுகள் பலவற்றிலும் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? இரண்டு பின் பிளக் நுழையவில்லை என்றால், மேல் துளையில் பேனாவை விட்டு மூடியை நெம்பிக்கொண்டு கீழே பிளக்கைச் செருகுகிறோம். பேனா கிடைக்காவிட்டால் தீக்குச்சி! பார்த்துக்கொண்டு நிற்கும் குழந்தை, துளையில் எதையாவது நுழைக்கலாம் என்ற பாடத்தை நம்மிடமிருந்தே படிக்கிறது.

இரண்டாவது பொருத்தம்: எர்த்

பெரியவர் இளகிப்போன பாக்ஸைத் திருகிப் பிரித்தார். "இங்கே பாருங்க அம்மா" என்று காட்டினார். வெளியே ஒவ்வொரு சாக்கெட்டிலும் மூன்று துளை. உள்ளே வந்த ஒயரோ இரண்டே இரண்டு! மேல் துளை வெறும் அலங்காரம். அதிலிருந்து எங்கும் ஒயர் போகவில்லை.

எர்த் எதற்கு? இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், ஃபிரிஜ் இவற்றின் உலோக உடம்போடு எர்த் ஒயர் சேர்ந்திருக்கும். உள்ளே ஒரு ஒயர் நைந்து உடம்பைத் தொட்டுவிட்டால், மின்சாரம் எர்த் வழியாகப் பாய்ந்து ஓடும். அந்தப் பாய்ச்சலில் மெயின் விழும். எர்த் இல்லாவிட்டால் உலோக உடம்பு காத்துக்கொண்டிருக்கும், ஈரக் கையோடு யாராவது தொடும் வரையில். அப்போது எர்த் ஆவது நாம்தான்.

மனித உடம்புக்கு ஆபத்து வர எத்தனை ஆம்பியர் வேண்டும்? ஆறும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்குக்கு மேல் மார்பு வழியாகச் சற்று நேரம் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. இத்தனை சிறிய கசிவு எம்.ஸி.பி.யின் கண்ணுக்குத் தெரியாது. இதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஆர்.ஸி.ஸி.பி. என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. ஈ.எல்.ஸி.பி. என்றும் வழக்கத்தில் சொல்வார்கள். 30 மில்லி ஆம்பியர் என்று குறித்ததாகப் பார்த்து மெயினில் வைக்கச் சொல்லுங்கள். அதன் முகத்தில் ஒரு பரீட்சைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். உடனே விழுந்தால் காவலாளி விழித்திருக்கிறான் என்று அர்த்தம்.

மூன்றாவது பொருத்தம்: ஒயர்

"புதுசா ஒண்ணு செஞ்சு கொடுத்துடறேன்" என்றார் பெரியவர். பெரியம்மா நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள், ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டுத் தையற்காரரைக் கண்காணிப்பது போல. அவர் செய்ததை நானும் குறித்துக்கொண்டேன். நீங்களே செய்ய வேண்டும் என்பதற்காக அல்ல. செய்கிறவரைச் சரியான கேள்வி கேட்பதற்காக.

ஒயர் மூன்று இழை கொண்டது, மூன்றும் செம்பு, மேலே ஐ.எஸ்.ஐ. முத்திரை. 16 ஆம்பியர் பிளக்கும் சாக்கெட்டும் என்றால், இழையின் கனம் ஒன்றரை சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தூரம் அதிகமானால் இரண்டரை போடுவது நல்லது. ஒரு முனையில் 16 ஆம்பியர் பிளக்; மறு முனையில் 16 ஆம்பியர் சாக்கெட். நடுவில் ஒட்டு இல்லை. மூன்றில் எது பலவீனமோ, மொத்தத்தின் பலமும் அவ்வளவுதான்.

நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. பழுப்பு நிறம் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். பழைய ஒயர்களில் முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை. பிளக்கின் உள்ளே 'எல்', 'என்', 'ஈ' என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்துக்கள் பொறித்திருக்கும். ஃபேஸ் 'எல்'லுக்கு, நியூட்ரல் 'என்'னுக்கு, எர்த் 'ஈ'க்கு. இரண்டு முனையிலும் இதே வரிசை மாறாமல் இருக்க வேண்டும்.

பெரியவர் எர்த் இழையை மற்ற இரண்டையும் விடச் சற்று நீளமாக விட்டார். "ஏன் இப்படி?" என்று பெரியம்மா கேட்டாள்.

"யாராவது ஒயரைப் பிடிச்சு வெடுக்குன்னு இழுத்தாங்கன்னா, முதல்லே ஃபேஸ் பிய்யட்டும் அம்மா. எர்த் கடைசியாத்தான் பிய்யணும்."

இழைகளைப் பிசிறு இல்லாமல் முறுக்கி, திருகாணியின் அடியில் இறுக்கினார். பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் அடுத்த இழையைத் தொட்டுவிடும். முனைக்கு ஈயப் பற்றும் வைக்கவில்லை. திருகாணியின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நெகிழ்ந்து, பிடி தளர்ந்து, அந்த இடம் சுடத் தொடங்குமாம். கடைசியாக, பிளக்கின் வாயிலுள்ள பட்டையை ஒயரின் மேல்தோலோடு சேர்த்து இறுக்கினார். இழுப்பைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டை, திருகாணி அல்ல. பிறகு மீட்டரை வைத்து, இந்த முனை எர்த் அந்த முனை எர்த்தோடு பேசுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார்.

இரு தலைப் பாம்பு

விடைபெறும்போது பெரியவர் ஒன்று சொன்னார். அதை எல்லோரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கரண்ட் போன சமயம் பக்கத்து வீட்டிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ மின்சாரம் கொண்டுவர, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் சிலர் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு தலையைச் செருகியதும் மறு தலையின் பின்கள் 230 வோல்ட்டுடன் வெட்டவெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். இரு தலைப் பாம்பு தோற்றது! மின்சாரம் எப்போதும் துளையிலிருந்து வர வேண்டும். பின்னிலிருந்து வரக் கூடாது. அத்தகைய ஒயர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் ஒரு விருந்தாளி

பொருத்தம் பார்த்தாகிவிட்டது. இனி, வாழ்க்கை நடத்தும் முறை.

1. எக்ஸ்டென்ஷன் ஒயர் விருந்தாளி மாதிரி. வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, சுருட்டி வைத்துவிடுங்கள். கீஸர், ஏர்கண்டிஷனர், ஃபிரிஜ் போலத் தினமும் ஓடும் சாமான்களுக்குச் சுவரிலேயே சாக்கெட் வைத்துக்கொள்வதுதான் சரி.

2. உபயோகிக்கும்போது சுருள் முழுவதையும் பிரித்துவிடுங்கள். சுருளுக்குள் சூடு அடைபடும். ஜமக்காளம், பாய், மெத்தை எதன் அடியிலும் ஒயர் போகக் கூடாது. கதவிடுக்கிலும் வேண்டாம்.

3. ஓர் எக்ஸ்டென்ஷனில் இன்னோர் எக்ஸ்டென்ஷனைச் செருகாதீர்கள்.

4. குளியலறை, கிணற்றடி, துணி துவைக்கும் இடம் இவற்றுக்கு அது போகவே கூடாது.

5. கழற்றும்போது ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் உடம்பைப் பிடித்து இழுங்கள், ஒயரை அல்ல.

6. பத்து நிமிஷம் ஓடியபின், ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் எங்கோ பொருத்தம் சரியில்லை.

யாருக்காவது ஷாக் அடித்தால், பதறிப்போய் ஆளைத் தொட்டுவிடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக் கட்டையால் ஒயரை விலக்குங்கள். பிறகு 108-க்குப் போன் செய்யுங்கள். ஒயர் தீப்பற்றினால் தண்ணீரை ஊற்றக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள்.

பெரியம்மா வீட்டு முறுக்கு அந்தத் தீபாவளிக்கு நன்றாகவே அமைந்தது. கருகிய ஜமக்காளத்தை அவள் தூக்கிப் போடவில்லை. கருகல் கோடு தெரியும்படி மடித்து, எக்ஸ்டென்ஷன் ஒயர் வைக்கும் அலமாரியில் அதன் மேலேயே வைத்திருக்கிறாள். ஒயரை எடுக்கப் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் எடுக்க முடியாது.

போன வாரம் தூரத்து உறவினர் ஒருவர், ஒரு பெண்ணுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம் இருக்கிறதாம்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் பெரியம்மா. "பிள்ளை வீட்டில் எர்த் இருக்கிறதா என்று கேட்டீர்களா?"